தேராமல் செய்வது: அவசரப்புத்தி என்றால் என்ன?

இரவு பத்தே முக்கால் இருக்கும். அடுப்படியைத் துடைத்து, பால் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படுத்தபடி போனைத் திறந்தேன். ஒரு கடைக்காரப் பெண் நேரலையில் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட காட்டன் சேலை ஒன்று வந்தது. "ரெண்டே பீஸ்தான் இருக்கு அக்கா, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உடனே அனுப்புங்க" என்றார். எடுத்தேன், அனுப்பினேன். ரகசிய எண்ணின் ஆறு இலக்கங்களை விரல் தானாகவே தட்டியது. பச்சை டிக் வந்த பிறகுதான், அதே அரக்குக் கரையில் ஒரு சேலை பீரோவில் மடிப்புக் கலையாமல் இருப்பது நினைவுக்கு வந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சேலை நல்ல சேலைதான். பணமும் பெரிய தொகையில்லை. ஆனால் பணம் போன பிறகுதான் நான் யோசிக்கவே ஆரம்பித்தேன் என்பது இரண்டு நாள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆங்கிலத்தில் இம்பல்சிவ் என்று சொல்கிறார்களே, அதன் சாரம் இதுதான். ஆசையோ கோபமோ எழுகிறது. அது நேராகக் கைக்கோ வாய்க்கோ போய்விடுகிறது. யோசனை கடைசியில் வந்து சேர்கிறது.

இந்தச் சொல்லைப் பலரும் 'மனக்கிளர்ச்சி' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மனம் கிளர்வதில் என்ன தப்பு இருக்கிறது? கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்டால் மனம் கிளரத்தான் செய்யும். எண்ணம் எழுவது யார் கையிலும் இல்லை. எழுந்த எண்ணத்துக்கும் அதன்படி செய்வதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளி இல்லாமல் போவதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. 'அவசரப்புத்தி' என்று வீட்டில் சொல்வது இதற்கு நெருங்கி வருகிறது. அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று நம்மிடம் பழசாகவே இருக்கிறது: தேராமை. தேர்தல் என்றால் ஆராய்ந்து பார்த்தல். பரீட்சைக்குத் தேர்வு என்று பெயர் வந்ததும், ஓட்டுப் போடுவதற்குத் தேர்தல் என்று பெயர் வந்ததும் இந்த வேரிலிருந்துதான்.

கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்து முதலில் சொல்வது "தேரா மன்னா". கொடிய மன்னா என்றோ பேராசைக்கார மன்னா என்றோ அவள் அழைக்கவில்லை. ஆராயாத மன்னா என்கிறாள். அவசரப்புத்தியைப் பற்றி இத்தனை துல்லியமான இரண்டு சொற்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தத் தீர்ப்பு எந்த நேரத்தில் வந்தது என்று சிலப்பதிகாரத்தில் கவனித்துப் பாருங்கள். அரசன் ஆடல் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோப்பெருந்தேவிக்கு அது பிடிக்கவில்லை. தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் அமைச்சர் கூட்டத்தை விட்டுவிட்டு அந்தப்புரத்துக்குக் கிளம்புகிறான். வாசலில் பொற்கொல்லன் காலில் விழுந்து, சிலம்பு திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் மனம் முழுக்க ஊடலில் இருக்கிறது. கூட இருந்து 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்லக்கூடிய அமைச்சர்கள் பக்கத்தில் இல்லை. கேட்டதோ அவளுடைய சிலம்பைப் பற்றிய செய்தி. நின்ற இடத்திலேயே காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டான்.

உண்மையைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு கேள்வி போதுமாயிருந்தது. சிலம்புக்குள் இருக்கும் பரல் என்ன? தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பிறகு அவையில் அந்தக் கேள்வி எழுந்தபோது விடை வரக் கணநேரம்தான் ஆனது. அவன் அறிவில்லாதவனாக இருந்திருந்தால் கதையில் இத்தனை வலி இருக்காது. தவறு தெரிந்த நொடியில் "யானே கள்வன்" என்று சொல்லி உயிரை விட்ட நேர்மையாளன் அவன். நல்லவர்களுக்கும் புத்திசாலிகளுக்கும் இது நேரும். களைப்பு, கோபம், ஆசை, தனிமை எல்லாம் ஒரே நேரத்தில் கூடும்போது நேரும். என் சேலைக் கதையிலும் இரவு நேரம், களைப்பு, பக்கத்தில் யாரும் இல்லாமை எல்லாம் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

ஒரே பெயரில் பல குணங்கள்

உளவியலாளர்கள் நெடுநாள் அவசரப்புத்தியை ஒரே குணம் என்று வைத்துப் பேசி வந்தார்கள். விட்சைடு, லைனம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல், ஒரே பெயருக்குள் நான்கு வேறு வேறு குணங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன என்று காட்டினார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேர் ஏற்கெனவே புழங்குகிறது.

மனம் கொதிக்கும்போது மட்டும் கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறவர் ஒருவர். மற்ற நேரங்களில் தங்கமானவர். அவரை முன்கோபி என்கிறோம். இது கோபத்தோடு நிற்பதில்லை. துக்கத்திலும் பயத்திலும் அவமானத்திலும் இதே போக்குத்தான். அப்புறம் 2007இல் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தார்கள்: சந்தோஷம் தலைக்கேறும்போது வரும் அவசரம். சம்பள உயர்வு வந்த மாலை நண்பர்கள் எல்லாருக்கும் விருந்து வைத்து, முழுப் பணத்தையும் அன்றே தீர்த்துவிடுகிறவர் இதில் சேர்வார். நல்ல நாளிலும் இது வரும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை.

விளைவை எண்ணிப் பார்க்காமல் இறங்குகிறவர் இன்னொருவர். அவருக்குக் கோபமே வர வேண்டியதில்லை. சாதாரண மனநிலையிலேயே எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வேலையை விடுவார், வீடு மாற்றுவார். மூன்றாமவர் ஆரம்பசூரர். யோகா வகுப்பில் சேர்ந்து நான்காம் நாள் நின்றுவிடுவார். அலுப்புத் தட்டிய கணமே வேறொன்றுக்குத் தாவுவார். இவரை நாம் சோம்பேறி என்று திட்டுகிறோம், அவசரக்காரர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் 'இதை விட்டுவிட்டுப் போ' என்று உள்ளே எழும் உந்துதலுக்கு அவர் உடனே இணங்கிவிடுகிறார், அவ்வளவுதான். நான்காமவர் பரபரப்பைத் தேடிப் போகிறவர், புதிய ருசி, புதிய ஊர், வேகமான பைக் என்று.

இவர்கள் எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்லிப் பயனில்லை. முன்கோபியிடம் 'திட்டம் போட்டு வாழ்' என்றால் அவர் ஏற்கெனவே திட்டம் போடுகிறவர்தான். கொதிக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் அவருக்குச் சிக்கல். எடுத்தேன் கவிழ்த்தேன் ஆளிடம் 'கோபத்தை அடக்கு' என்றால் அவருக்கு ஏது கோபம்?

வகுப்பில் கேள்வி முடியும் முன்பே பதிலைக் கத்திவிடும் பிள்ளையை முந்திரிக்கொட்டை என்போம். பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கொட்டை! இந்த வகை கொஞ்சம் தனி. இங்கே தவறுவது நிறுத்தும் திறன். கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வளைந்து போகும் பந்தை அடிக்கக் கிளம்பிய மட்டையைக் கடைசி நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்கிறார்களே, அதுதான் நிறுத்தும் திறன். ஆய்வகத்தில் இதை அளக்கிறார்கள். திரையில் அம்புக்குறி வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். சில முறை மட்டும் 'நிறுத்து' என்று ஒலி வரும். கிளம்பிய கையை நிறுத்த ஆரோக்கியமான இளைஞருக்கு ஏறக்குறைய கால் நொடி தேவைப்படுகிறது. கால் நொடிதான் நம் எல்லாருடைய பிரேக்கும்.

வேகமாகச் செய்வதெல்லாம் அவசரப்புத்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நூற்றெட்டு வண்டி ஓட்டுநர் சந்தில் சட்டென்று திரும்புவதற்குப் பின்னால் பல வருடப் பழக்கம் இருக்கிறது. ஆராய்ந்து தேரும் வேலையை அவர் முன்பே செய்து முடித்துவிட்டார். டிக்மன் என்ற உளவியலாளர் 1990இலேயே பயன்தரும் அவசரம், கெடுக்கும் அவசரம் என்று இரண்டாகப் பிரித்தார். யோசிக்க நேரமில்லாத இடத்தில் துணிந்து முடிவெடுப்பது முதல் வகை. யோசித்தால் நன்மை கிடைக்கக்கூடிய இடத்தில் யோசிக்காமல் விடுவது இரண்டாம் வகை. அதேபோல, கை சுத்தமாக இருப்பது தெரிந்தும் பயத்தில் திரும்பத் திரும்பக் கழுவுவதும் இதுவல்ல. அங்கே இன்பம் இழுப்பதில்லை, அச்சம் துரத்துகிறது. சிகிச்சையும் வேறு.

பிரேக் எங்கே இருக்கிறது

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் 'பொறு' என்று சொல்வதில் பெரும்பங்கு வகிக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பினியஸ் கேஜ் கதை வரும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், 1848 செப்டம்பர் 13 அன்று, ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்த 25 வயது மேஸ்திரி அவர். வெடிமருந்து முன்கூட்டியே வெடித்து, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள, ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்தின் கீழ் நுழைந்து தலை உச்சி வழியே வெளியே போனது. அவர் பிழைத்தார். ஆனால் பொறுப்பான மனிதராக இருந்தவர் தடுத்தால் பொறுக்காதவராக, நினைத்ததைப் பேசுகிறவராக மாறிவிட்டார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த ஹார்லோ எழுதிவைத்தார்.

பெரும்பாலும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் சிலி நாட்டுக்குப் போய் ஆறேழு வருடம் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகள் பூட்டிய வண்டி, நேரம் தவறாத நீண்ட பயணம், பயணிகளிடம் நயமாகப் பேச வேண்டிய வேலை. ஒழுங்கான அன்றாடம் ஒன்று அமைந்ததால் அவர் பெருமளவு தேறியிருக்கலாம் என்று இப்போது சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு இந்தப் பாதிதான் முக்கியமாகப் படுகிறது. உள்ளே இருந்த பிரேக் அடிபட்ட மனிதருக்கு வெளியே இருந்த ஒழுங்கு கைகொடுத்திருக்கிறது.

முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆகவே பதினாறு வயதுப் பையன் 'ஏன் செய்தாய்' என்ற கேள்விக்கு 'தெரியலப்பா' என்று சொன்னால், அவன் மழுப்பாமல் உண்மையையே சொல்லியிருக்கலாம்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது அந்த மிட்டாய்ச் சோதனையையும் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் நடத்தியது. மார்ஷ்மெல்லோ ஒன்றைக் குழந்தை முன்னால் வைத்து, நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று செய்தி பரவி, பொறுமைதான் வெற்றி என்று ஊரெல்லாம் பேசினார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை வைத்து 2018இல் மறுபடி பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகத் தேய்ந்துவிட்டது.

அதைவிட என் மனதைத் தொட்டது, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2013 வாக்கில் வந்த சின்ன ஆய்வு. இருபத்தெட்டே குழந்தைகள். மிட்டாய்க்கு முன்னால் வரைய உட்காரவைத்து, 'நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்' என்று சொல்வார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மறுபாதிக்கு, 'மன்னிச்சிடு, இல்லையாம்' என்று கையை விரித்தார்கள். பிறகு மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம். அந்தப் பிள்ளைகள் செய்தது அவசரமா, அறிவா? நாளை கிடைக்குமா என்பது நிச்சயமில்லாத வீட்டில் வளரும் குழந்தை இன்றே தின்றுவிடுவதில் கணக்குத் தவறு எதுவும் இல்லை. பொறுமை இல்லாத பிள்ளை என்று யாரையாவது திட்டுவதற்கு முன், அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்னதைச் செய்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எப்போது மருத்துவரிடம் போவது

சில நேரம் இது குணத்தோடு நிற்பதில்லை. ஏடிஎச்டி என்னும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டில், முறை வரும்வரை காத்திருக்க முடியாமை, பேச்சில் குறுக்கே விழுதல் எல்லாம் அடையாளங்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தால்தான் மருத்துவர்கள் அந்த முடிவுக்கு வருவார்கள். பெரியவர்களுக்கும் தொடரும், சிகிச்சை உண்டு. இதுவரை சிக்கனமாக இருந்தவர் தூக்கமே இல்லாமல் உற்சாகமாகப் பேசிக்கொண்டு திடீரென்று பணத்தை வாரி இறைத்தால் அது மனநிலைக் கோளாறின் ஒரு கட்டமாக இருக்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்டம், ஓயாமல் பொருள் வாங்குதல், அடங்காத தீனி போன்றவற்றைத் தூண்டிவிடும். எழுபது வயதுத் தாத்தா லாட்டரி, ரம்மி என்று இறங்கினால் வயதான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று குடும்பம் தலைகுனிகிறது. மாத்திரையின் வேலையாக இருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அளவை மாற்றினால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இடைவெளியின் விலை

அந்தச் சின்ன இடைவெளி எவ்வளவு பெரிய விஷயம் என்று இலங்கையைப் பார்த்தால் தெரியும். 1995இல் அங்கே லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. பெரும்பகுதி வயல் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பூச்சிமருந்தால் நேர்ந்தது. மருத்துவமனையில் பிழைத்தவர்களிடம் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் அரை மணி நேரம்கூட அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. வீட்டுச் சண்டை, ஒரு வசவு, ஒரு அவமானம், அவ்வளவுதான்.

அரசு 1995 முதல் படிப்படியாக மிகக் கொடிய நச்சு மருந்துகளைத் தடை செய்தது. 2015க்குள் தற்கொலை விகிதம் 70 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. அந்த இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த வீடுகளில் சண்டை நின்றுவிடவில்லை, கோபமும் குறைந்துவிடவில்லை. கொல்லக்கூடிய பொருள் கைக்கு எட்டவில்லை, அதற்குள் அந்தக் கணம் கடந்துபோய்விட்டது. பிழைத்து எழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு வாழ்ந்தார்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ அப்படி ஓர் எண்ணம் வந்தால், தனியாக இருக்க வேண்டாம். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம்.

தமிழ்நாடு 2025இல் கொண்டுவந்த விதியும் இதே வழியில் யோசித்ததுதான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை நுழையக் கூடாது என்றது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் அந்த விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டம் இயற்றியது வேறு கதை. பிரேக் மிகத் தேய்ந்திருக்கும் நேரம் எது என்று பார்த்து அங்கே ஒரு கதவைப் போட்டார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

வீட்டளவிலும் இப்படிக் கதவு போட முடியும். முன்பெல்லாம் சேலை எடுக்க பஸ் ஏற வேண்டும், கடையில் உட்கார வேண்டும், "அம்மாகிட்ட கேட்டுட்டு நாளைக்கு வர்றேண்ணே" என்று எழுந்து வரலாம். அந்த நேரமெல்லாம் நமக்காக யோசித்துக்கொண்டிருந்தது. போன் அதை எடுத்துவிட்டது. நான் திருப்பி வைக்கப் பார்க்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் பணம் அனுப்பும் செயலியைத் திறப்பதில்லை. கோபத்தில் எழுதும் செய்தியை அனுப்பாமல் எனக்கே அனுப்பிக்கொண்டு, காலையில் காபிக்குப் பிறகு படிக்கிறேன். வாங்கத் தோன்றுவதை அடுப்படியில் தொங்கும் தினசரிக் காலண்டரில் இரண்டு நாள் தள்ளி வரும் தாளில் எழுதிவைக்கிறேன். தாளைக் கிழிக்கும்போது கண்ணில் படும். வேண்டுமென்றால் வாங்கலாம்.

எல்லா முறையும் முடிவதில்லை. போன வாரம் என் தம்பியிடம் போனில் வெடுக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதை எந்தத் தாளிலும் எழுதிவைக்க முடியவில்லை. மறுநாள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா" என்றான்.

இன்று கிழித்த தாளில் 'இரும்பு தோசைக்கல், பெரியது' என்று எழுதியிருந்தது. பழைய கல்லை அடுப்பில் வைத்துப் பார்த்தேன். நடுவில் வளைந்திருக்கிறது, எண்ணெய் ஓரத்துக்கு ஓடுகிறது. புதிது வேண்டும்தான். சாயங்காலம் கடைக்குப் போகிறேன்.